கோழிக் கொழம்பு வாங்கிச் சாப்பிட்ட ஆச்சி வீட்டுல இப்ப கவிச்சிக்குத் தடையாம்

கேள்வி: சார், சொந்த ஊர் தொண்டி. காரைக்குடி செக்காலை பக்கம் ஒரு பழைய வீட்டுல பின்கட்டு மாடியில மூணு வருஷமா வாடகைக்கு இருக்கோம். வாடகை 8,500, அட்வான்ஸ் 50,000, அக்ரிமென்ட் போடல, எல்லாம் ஆச்சிகிட்ட வாய்ப்பேச்சுதான். ஆச்சியே எங்க கோழிக் கொழம்ப கிண்ணத்துல வாங்கிட்டுப் போவாக. இப்ப அவுக மகன் சிங்கப்பூர்லேர்ந்து வந்துட்டாரு, சுத்த சைவமாம், கவிச்சி வாடை சாமி ரூம் வரைக்கும் வருது, பத்து நாள்ல காலி பண்ணுங்கன்னு வாட்சப்ல போட்டுட்டாரு. போன வாரம் கீழ குழாயடில மீன் ஆஞ்சதுலேர்ந்து மோட்டாரும் போட விடல. அட்வான்ஸ்ல பாதிய பெயின்ட் அடிக்கன்னு புடிச்சுக்குவாராம். நாங்க என்ன சாப்பிடணும்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கா?

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விய மொதல்ல முடிச்சுடுவோம், எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க, ஆனா உங்களுக்கு கம்மியா உதவப் போறதும் அதுதான். ஒருத்தர் என்ன சாப்பிடுறாருங்கிறது அவரோட சொந்த விஷயம், அரசியலமைப்பு 21வது பிரிவு தர்ற அந்தரங்க உரிமைல அடங்கும்னு 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அகமதாபாத் வழக்கு அது. வேடிக்கை என்னன்னா அதே தீர்ப்புதான் ஜைனர் பண்டிகைக்கு 9 நாள் இறைச்சிக்கூடத்த மூடுறது சரின்னும் சொல்லுச்சு. அதவிட முக்கியம், அந்த உரிமை பேசுறது அரசாங்கத்த பாத்து, வீட்டு ஓனர பாத்து இல்ல. வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடியே "சைவம் மட்டும்"னு ஒருத்தர் சொன்னா அவர தடுக்க நேரடியா சட்டம் இல்ல. உலகம் பூரா செட்டிநாடு சிக்கன்னு போர்டு மாட்டி சம்பாதிக்குது, அந்த ஊருலயே டு-லெட் போர்டுல இப்படி எழுதுறாங்க, என்னத்த சொல்ல.

ஆனா உங்க கத வேற. உள்ள விடும்போது அந்த கண்டிஷன் இல்ல, மூணு வருஷமா ஆச்சி கிண்ணம் நீட்டிருக்காக. ஆட்டம் பாதில ரூல மாத்த முடியாது. 2019 பிப்ரவரிலேர்ந்து நம்ம மாநிலத்துல புது வாடகைச் சட்டம் நடக்குது (2017ல போட்டது), அதோட 21வது பிரிவுல என்னென்ன காரணத்துக்கு காலி பண்ணச் சொல்லலாம்னு வரிசையா இருக்கு. கறி சமைக்கிறது அதுல இல்ல. அவரு வக்கீல வச்சு "வீட்ட தப்பா பயன்படுத்துறாங்க, பொதுத் தொல்லை"ன்னு இழுக்கப் பாப்பாரு. அடுப்புல கொழம்பு கொதிக்கிறது பொதுத் தொல்லை ஆகாதுங்கிறது என் அபிப்பிராயம். ஆனா எல்லாரும் பொழங்குற குழாயடில மீன் ஆஞ்சு, செதிலும் குடலும் முத்தத்துச் சாக்கடைல நின்னு ஈ மொய்ச்சா அத போட்டோ எடுத்து கோர்ட்ல காட்டுவாங்க, அப்ப நான் வந்தாலும் பேச்சு எடுபடாது. இனிமே மேலயே ஆஞ்சு, கழிவ கவர்ல கட்டி குப்பை வண்டில போடுங்க.

உங்க பலவீனம் எங்க இருக்குன்னா அந்த அக்ரிமென்ட். எழுத்துல ஒப்பந்தம் போடாம இருக்கிறதே காலி பண்ணக் கேக்க ஒரு காரணம்னு அதே 21வது பிரிவு சொல்லுது, ஆச்சிமேல உள்ள நம்பிக்கைல விட்டுட்டீங்க. அதனால ஒப்பந்தம் எழுதி பதிவு பண்ணலாம்னு இன்னிக்கே ஆச்சி பேருக்கு ரிஜிஸ்தர் தபால்ல ஒரு கடிதம் போடுங்க. ஆச்சி பேருக்குன்னு ஏன் சொல்றேன்னா, வாடகைய யாரு வாங்குறாகளோ அவுகதான் சட்டப்படி உங்க ஓனர். நம்ம பக்கத்து பெரிய வீடுகள்ல பத்துப் பதினஞ்சு பங்காளி இருப்பாங்க, ஒவ்வொருத்தரும் வந்து ஒரு உத்தரவு போட்டா வாடகைக்காரன் என்ன பண்ணுவான்? மகன்கிட்ட ஆச்சி எழுதிக் குடுத்த பவர் இல்லாத வரைக்கும் அந்த வாட்சப் நோட்டீஸுக்கு பெருசா மதிப்பில்ல. அழிச்சுடாதீங்க ஆனா, அது உங்களுக்குத்தான் சாட்சி.

இப்ப அவசரம் தண்ணி. எந்த சண்டையா இருந்தாலும் ஓனர் தண்ணி, கரண்ட், மாடிப்படி லைட்ட நிறுத்தக்கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே தனிப் பிரிவு இருக்கு. வாடகை ஆணையத்துல மனு குடுத்தா விசாரணை முடியறதுக்கு முன்னாடியே திரும்ப விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். காரைக்குடி தாலுகா தேவகோட்டை வருவாய்க் கோட்டத்துல வருது, மனுவ எங்க குடுக்கணும்னு அந்தக் கோட்ட ஆபீஸ்ல போய் கேளுங்க. மோட்டார் சுவிட்ச்ல பூட்டு இருந்தா தேதி தெரியுற மாதிரி போட்டோ, விலைக்கு வாங்குற தண்ணி லாரி பில்லு, ரெண்டும் சேருங்க. நீங்களா பூட்ட ஒடைக்காதீங்க, கைகலப்பு ஆனா போலீஸ் கேஸா மாறிடும்.

கோவத்துல வாடகைய மட்டும் நிறுத்திடாதீங்க, ரெண்டு மாசம் பாக்கி நின்னா அவருக்கு தானா ஒரு காரணம் கெடச்சிடும். ஆச்சி அக்கவுண்ட்டுக்கு போடுங்க, கையில குடுக்காதீங்க. அட்வான்ஸ் விஷயம், வேற மாதிரி பேசிக்காத வரைக்கும் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கவே கூடாது, உங்க கணக்குக்கு 25,500தான் வரும். காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும், நீங்க தர வேண்டிய பாக்கிக்கும் நீங்க செஞ்ச சேதத்துக்கும்தான் புடிக்கலாம், வாடைக்கு பெயின்ட்னு 25,000 புடிக்க முடியாது. இப்பவே செவுரெல்லாம் வீடியோ எடுத்து வச்சுக்குங்க. 50,000 குடுத்ததுக்கு ரசீது இல்லைன்னா அன்னிக்கு பணம் எடுத்த பேங்க் ஸ்டேட்மென்ட்ட தேடுங்க, அது கெடச்சதும் எனக்கு எழுதுங்க.