சாட்சிகளுக்கும் உங்கள் வயதுதானா?

கேள்வி: எனக்கு 71 வயது. மயிலாப்பூரில் என் சம்பாத்தியத்தில் வாங்கிய அடுக்குமாடி வீடு, தஞ்சாவூர் பக்கம் பூர்வீக நிலம், வங்கி டெபாசிட், மியூச்சுவல் ஃபண்டு ஆகியவை இருக்கின்றன. மகன் சென்னையில், மகள் அமெரிக்காவில். வீட்டை மனைவிக்கு எழுதி உயில் வைத்திருக்கிறேன். நடைப்பயிற்சி நண்பர்கள் இருவர் சாட்சி. முதலீடுகளுக்கு மனைவிதான் நாமினி. எனக்குப் பின் குடும்பம், உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் புரோபேட் சான்றுக்காக அலையாமலிருக்க வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: சென்னை மாநகருக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்துக்கள் எழுதும் உயில் என்றால், உயர் நீதிமன்றத்தில் புரோபேட் வாங்கியே தீர வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்த நிலை. அதற்கு அடிப்படையான இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டதால், அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. இருந்தாலும், "இது அப்பா கையெழுத்தே இல்லை" என்று யாராவது கிளம்பினால் உயிலை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். அப்போது சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டியிருக்கும்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். உங்கள் நண்பர்களுக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதானே? அவர்களும் இல்லாத காலத்தில் வழக்கு வந்தால், கையெழுத்தை அடையாளம் காட்டும் வேறு ஆட்களை மனைவி தேட வேண்டியிருக்கும். உயிலைப் புதிதாக எழுதுங்கள். நாற்பதுகளில் இருக்கும், முகவரி தெரிந்த இருவரைச் சாட்சியாக்குங்கள். குடும்ப மருத்துவர் அமைந்தால் மிகவும் நல்லது. சொத்தில் பங்கு பெறுபவர் சாட்சியாக வேண்டாம்.

உயிலை நிறைவேற்றுபவர் யார் என்று எழுதினீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. புரோபேட் என்பது உயிலில் குறிப்பிடப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டுமே கிடைப்பது. அப்படி ஒருவர் இல்லையென்றால், தேவைப்படும்போது சொத்தை நிர்வகிக்கும் உரிமை ஆவணத்தை நீதிமன்றத்தில் கேட்டு, அதற்குப் பிணைப்பத்திரமும் கொடுக்க நேரும். மகனை நியமிக்கலாம், அவரால் இயலாவிட்டால் என்று இன்னொரு பெயரும் இருக்கட்டும். மனைவி உங்களுக்கு முன்பே காலமானால் வீடு யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, உயிலுக்கு முத்திரைத் தீர்வையும் கிடையாது. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். வழக்கறிஞரைப் பார்ப்பது, வாசகம் சொல்வது எல்லாம் நீங்களாகவே இருக்கட்டும். பயன்பெறுபவரே முன்னின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

டெபாசிட்டையும் ஃபண்டையும் உயிலில் விட்டுவிட்டீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்லர். பங்குகள், ஃபண்டுகள் விஷயத்திலும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. உயிலில் இல்லாத சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாகப் போகும். உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. எனவே "எஞ்சிய சொத்துகள் அனைத்தும் இன்னாருக்கு" என்று ஒரு வரி அவசியம் சேருங்கள். நாமினி நியமனம் அப்படியே இருக்கட்டும், பணம் சீக்கிரம் கைக்கு வர அது உதவும்.

தஞ்சாவூர் நிலம்தான் இருப்பதிலேயே சிக்கலானது. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், பங்காளிகளுடன் பேசி இப்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, தனிப்பட்டா வாங்குங்கள். நீங்கள் இருக்கும்போது கையெழுத்துப் போடும் சகோதரர், பிறகு உங்கள் மகனுக்குப் போடுவார் என்று நம்பியிருக்காதீர்கள்.

அசல் உயிலை உங்கள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் பூட்டாதீர்கள். எங்கே இருக்கிறது என்பது நிறைவேற்றுநருக்கும் மகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.