சைபீரிய நகரமான யாகுட்ஸ்கில் 240 மி.மீ. மழைதான். பாலைவனமாகத்தானே இருக்க வேண்டும், அப்புறம் காடு எப்படி?

மழையளவை மட்டும் பார்த்ததுதான் சிக்கல். ஆண்டுக்கு சுமார் 240 மி.மீ. என்று நீங்கள் எடுத்த எண் சரி. ஆனால் சைபீரியக் குளிரில் அதில் ஆவியாகிப் போவது குறைவு. வருகிற நீரைவிட வெயில் உறிஞ்சக்கூடியது மிக அதிகமாக இருந்தால்தான் பாலைவனம்.

அதோடு, அங்கே நிலத்தடியில் நிரந்தர உறைமண். கோடையில் மேலடுக்கு மட்டும் இளகும். நீர் கீழே இறங்க வழியில்லாமல் வேருக்கு எட்டும் ஆழத்திலேயே நிற்கும். லார்ச் மரங்கள் பிழைப்பது அதை நம்பித்தான். (குளிர்காலத்தில் ஊசியிலைகளையும் உதிர்த்துவிடும், கெட்டிக்கார மரம்.)

நீங்களே போட்டுப் பாருங்கள். காலநிலையை வகைப்படுத்தும் கோப்பன் முறையில், மழையில் 70 சதவீதமாவது கோடை அரையாண்டில் பெய்தால், ஆண்டு சராசரி வெப்பநிலையை (செல்சியஸில்) 20-ஆல் பெருக்கி 280 கூட்ட வேண்டும். வருவதுதான் மி.மீ. கணக்கில் வறட்சி வரம்பு. மழை அதில் பாதிக்கும் கீழே இருந்தால் பாலை. யாகுட்ஸ்குக்கு சுமார் −9 டிகிரி, விடை 100. அங்கே பெய்யும் 240 அந்த வரம்பையே தாண்டிவிட்டது. அதே மழையை 25 டிகிரி இடத்தில் வைத்தால் வரம்பு 780, பாதி 390. பாலைவனம்!

ஒன்று: இந்தக் கணக்கு வறட்சியை மட்டும்தான் சொல்லும். காட்டுக்குப் போதுமான மழை பெய்தும் சவானாவாகவே (அங்கங்கே மரங்கள் நிற்கும் புல்வெளி) நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே மரங்களைத் தடுப்பது தீயும் மேய்ச்சலும்.