சின்ன ஊர் ஒரு பேஸ்பால் அணியைத் தாங்குமா?

கேள்வி: வட கரோலைனாவில் சுமார் 40,000 பேர் வாழும் ஊரில் இருக்கிறோம். டவுன்டவுனில் 6 கோடி டாலர் செலவில் ஸ்டேடியம் கட்டினால் மைனர் லீக் (மேஜர் லீக் அணிகளுக்கு வீரர்களைத் தயார்செய்யும் கீழ்நிலை லீக்) பேஸ்பால் அணி ஒன்று வரும் என்கிறது நகரமன்றம். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். எனக்கோ சொத்து வரி ஏறிவிடுமோ என்ற பயம். இவ்வளவு சின்ன ஊர் ஒரு அணியைத் தாங்குமா? அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். அங்கே என்ன கேட்பது?

பதில்: 40,000 என்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அரை மணி நேரம் காரில் வரக்கூடிய தூரத்துக்குள் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இதற்கு உங்கள் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

கின்ஸ்டன் ஊரில் 1949-ல் கட்டிய கிரெய்ஞ்சர் ஸ்டேடியம் இன்றும் நிற்கிறது. ஊரின் மக்கள்தொகை சுமார் 20,000. அங்கே இருந்த கின்ஸ்டன் இண்டியன்ஸ் அணி 2011 சீசனோடு ஸெபுலனுக்குப் போய்விட்டது. ஐந்து கோடைகள் மைதானம் வெறிச்சோடிக் கிடந்த பிறகு, 2017-ல் டவுன் ஈஸ்ட் வுட் டக்ஸ் வந்தது. வந்த முதல் ஆண்டே கரோலைனா லீக் பட்டத்தை இன்னொரு அணியோடு பகிர்ந்துகொண்டது. அப்படியும் 2024-க்குப் பிறகு அந்த அணி தென் கரோலைனாவின் ஸ்பார்டன்பர்க் நகருக்கு இடம் மாறி, ஹப் சிட்டி ஸ்பார்டன்பர்கர்ஸ் ஆகிவிட்டது. ஸ்பார்டன்பர்க்கும் பெரிய நகரம் இல்லை, ஊர் எல்லைக்குள் சுமார் 39,000 பேர்தான். ஏறக்குறைய உங்கள் ஊர் அளவுதான். ஆனால் அந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) மூன்று லட்சத்துக்கும் மேலானவர்கள் வாழ்கிறார்கள். கின்ஸ்டன் இருக்கும் லெனாய்ர் கவுண்டியில் 55,000 பேர்தான். பக்கத்தில் கிரீன்வில் இருக்கிறதே என்றால், அங்கே ஈஸ்ட் கரோலைனா பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்கே கூட்டம் போய்விடுகிறது.

கதை அதோடு நிற்கவில்லை. கின்ஸ்டனிடமிருந்து அணியை வாங்கிக்கொண்ட ஸெபுலனும் அதைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. சுமார் 50,000 பேர் வாழும் வில்சன் நகரம், புது ஸ்டேடியம் கட்டித் தருவதாகச் சொல்லி 2026-க்கு அந்த அணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. உங்கள் ஊருக்கு ஓர் அணி வருகிறதென்றால், வேறொரு ஊர் அதை இழக்கிறது என்று பொருள். நாளைக்கு உங்களிடமிருந்தும் அதே வழியில் போகலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். மைனர் லீக்கின் கீழ்ப்படிகளான சிங்கிள்-ஏ, ஹை-ஏ நிலைகளில் ஓர் அணி ஆண்டுக்கு 132 ஆட்டம் ஆடுகிறது. அதில் பாதி, 66 ஆட்டம், சொந்த ஊரில். ஓர் ஆட்டத்துக்கு 3,000 பேர் வரவேண்டுமென்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் டிக்கெட். உங்கள் ஊர் மட்டுமே அதைச் சுமப்பதென்றால், கைக்குழந்தை முதல் பாட்டி வரை ஒவ்வொருவரும் ஐந்து தடவை போகவேண்டும். நடக்காது. சுற்றுவட்டாரத்தில் மூன்று லட்சம் பேர் இருந்தால் மூன்றில் இரண்டு பேர் ஒரே ஒரு தடவை வந்தால் போதும். அது நடக்கக்கூடியது.

அப்புறம், எந்த நாளில் ஆட்டம் என்பதையும் பாருங்கள். 2021-லிருந்து ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை என்று அட்டவணை போடுகிறார்கள். ஜூலை மாத வெள்ளி, சனி இரவுகளில் வாணவேடிக்கை வைத்தால் எந்த ஊரிலும் கூட்டம் நிறையும். ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை, குளிரில், மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி என்னும்போது யார் வருவார்கள்? அணியின் நிதிநிலை அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான் தெரியும்.

இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீரர்கள், பயிற்சியாளர்களின் சம்பளத்தை மேலே இருக்கும் மேஜர் லீக் அணி கொடுக்கிறது. உள்ளூர் உரிமையாளர் டிக்கெட், சாப்பாடு, பீர், வேலி விளம்பரம், பார்க்கிங் ஆகியவற்றில் சம்பாதிக்கிறார். சம்பளச் சுமை இல்லை என்பதால் சின்ன ஊர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீரர்கள் யாரும் உங்கள் ஊருக்குச் சொந்தமில்லை. மே மாதம் உங்கள் மகன் கையெழுத்து வாங்கிய பையன் ஜூனில் மேல் நிலைக்குப் போய்விடுவான். அதனால் ஜெயித்தால் கூட்டம் வரும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. குடும்பமாகப் புல்தரையில் உட்கார்ந்து, ஹாட் டாக் சாப்பிட்டு, பிள்ளைகளை ஓடவிட்டு, அதிகச் செலவில்லாமல் ஒரு மாலையைக் கழிக்கத்தான் மக்கள் வருகிறார்கள். எனக்கு அந்த மாலைகள் மிகவும் பிடிக்கும். உங்கள் பிள்ளைகளின் குதூகலத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஓஹாயோவின் டேட்டன் இதற்கு நல்ல சாட்சி. டேட்டன் டிராகன்ஸ் 2000-ல் தொடங்கியதிலிருந்து டிக்கெட்டுகள் தொடர்ந்து விற்றுத் தீர்ந்துகொண்டே வந்தன. 2011-ல் அந்தத் தொடர் 814 ஆட்டங்களைத் தாண்டி, போர்ட்லண்ட் கூடைப்பந்து அணி வைத்திருந்த சாதனையை முறியடித்தது. டேட்டன் நகரில் சுமார் 1,37,000 பேர், கவுண்டியில் ஐந்து லட்சத்துக்கும் மேல். இங்கேயும் சுற்றுவட்டாரம்தான் கை கொடுத்தது.

உரிமம் யாரிடமிருந்து வருகிறது என்பதை நகரமன்றங்கள் அழுத்திச் சொல்வதில்லை. 2020 இறுதியில் மைனர் லீக் முழுவதையும் மேஜர் லீக் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. 30 மேஜர் லீக் அணிகளுக்குத் தலா நான்கு என்று 120 அணிகளை மட்டும் வைத்துக்கொண்டு, 40-க்கும் மேற்பட்ட அணிகளைக் கழற்றிவிட்டது. அயோவாவின் கிளின்டன் ஊரில் சுமார் 24,500 பேர். 1937-ல் கட்டிய மைதானத்தில், ஊர்மக்களே நடத்திய லம்பர்கிங்ஸ் அணி 2019-ல் லீக் இறுதிச் சுற்று வரை போனது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் இடம் பறிபோனது. மீந்த 120 அணிகளுக்கும் கொடுத்த உரிமம் பத்தாண்டுக்கானது, 2030 வரை. அதோடு வீரர் அறை, உள்ளரங்கப் பயிற்சிக்கூடம், விளக்குகள், பெண் ஊழியர்களுக்கான அறை என்று ஸ்டேடியத்துக்குப் புது நிபந்தனைகளையும் போட்டார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் ஊரின் தலையில்தான் விழுந்தது.

இப்போது உங்கள் நகரமன்றத்தின் 6 கோடி டாலரைப் பாருங்கள். 30 ஆண்டுக் கடன்பத்திரம், 4 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுத் தவணை சுமார் 35 லட்சம் டாலர். ஊரில் தலைக்கு 87 டாலர் வருகிறது. டிக்கெட்டில் ஏற்றிவிடலாம் என்றால், இரண்டு லட்சம் டிக்கெட் விற்றால்கூட ஒவ்வொன்றிலும் 17 டாலருக்கு மேல் கடனுக்கே போகவேண்டும். பல ஊர்களில் டிக்கெட்டின் முழு விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே ஸ்டேடியம் தன் கடனைத் தானே அடைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், எழுத்தில் கணக்குக் கேளுங்கள். 2030-க்கு மேல் உறுதியில்லாத ஓர் உரிமத்தை நம்பி 2055 வரை ஊர் கடன் கட்டப்போகிறது.

கூட்டம் வந்தும் ஓர் ஊர் திணறியதற்குக் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் உதாரணம். பக்கத்து நியூ பிரிட்டன் நகரிலிருந்து அணியை அழைத்துவந்தார்கள். ஸ்டேடியத்துக்கு 5.6 கோடி டாலர் என்று தொடங்கிய செலவு 7 கோடியைத் தாண்டியது. வேலை முடியாததால் யார்ட் கோட்ஸ் அணி 2016 சீசன் முழுவதும் வெளியூர்களிலேயே ஆடியது. 2017-ல் திறந்த பிறகு கூட்டம் நன்றாகவே வந்தது, ஸ்டேடியமும் அழகு. ஆனால் கடனை அடைக்கும் என்று நம்பிய சுற்றுப்புறக் கட்டடங்கள், ஒப்பந்ததாரரோடு வந்த வழக்கில் சிக்கின. அந்த நிலம் ஆண்டுக்கணக்கில் பார்க்கிங்காகக் கிடந்தது. அதே 2017-ல் நகரம் திவால் விளிம்பு வரை போனது. அதற்கு வேறு பழைய காரணங்கள் பல உண்டு, ஸ்டேடியம் அவற்றோடு இன்னொரு பாரமாகச் சேர்ந்தது.

ஊர்ப் பொருளாதாரம் வளரும் என்ற வாக்குறுதியைப் பொருளியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. காரணம் எளிமையானது. வெள்ளிக்கிழமை ஸ்டேடியத்தில் செலவழிக்கும் குடும்பம், அதே பணத்தை சினிமாவிலோ உணவகத்திலோ செலவழித்திருக்கும். வெளியூர்க்காரர் கொண்டுவரும் பணம்தான் புதுப்பணம். அதனால், கூடைப்பந்தாட்டக் கூடத்துக்கோ பூங்காவுக்கோ செலவழிப்பதைப் போல, ஊர் மகிழ்ச்சிக்கான செலவாகவே இதை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது நேர்மையானது.

6 கோடி மிக அதிகம் என்று ஊர் முடிவெடுத்தாலும் பேஸ்பால் வராமல் போகாது. கல்லூரி மாணவர்கள் கோடையில் ஆடும் லீக்குகள் இருக்கின்றன. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஆட்டம், சொந்த ஊரில் முப்பது ஆட்டம் போல. ஏப்ரல் குளிர் இல்லை, பள்ளி இல்லை, வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களை உள்ளூர்க் குடும்பங்களே வீட்டில் தங்கவைக்கின்றன. கிளின்டனும் அதே அயோவாவின் பர்லிங்டனும் உரிமம் போன பிறகு இப்படி ஒரு லீக்கில்தான் தொடர்கின்றன. விஸ்கான்சினின் லா கிராஸ் 2003-லிருந்து இதே வழியில் நடத்துகிறது. ஜார்ஜியாவின் சவானா நகரம் புது ஸ்டேடியம் கட்ட மறுத்ததால் 2015-க்குப் பிறகு சாண்ட் நாட்ஸ் அணி தென் கரோலைனாவின் கொலம்பியா நகருக்குப் போனது. 1926-ம் ஆண்டுப் பழைய மைதானத்துக்கு அடுத்த ஆண்டே வந்த கல்லூரி அணிதான் சவானா பனானாஸ். அது இன்று நாடு முழுக்கப் பேசப்படுவதை எந்த ஊரும் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் மறுத்த ஊருக்கு மைதானமும் மிஞ்சியது, கடனும் ஏறவில்லை.

கூட்டத்தில் நான் முதலில் கேட்பது இரண்டு ஆண்டுகளைத்தான்: கடன் முடியும் ஆண்டு எது, அணியின் குத்தகை முடியும் ஆண்டு எது? இரண்டாவது முன்னால் வந்தால், இடையில் தவணை யார் கட்டுவது என்று பெயரோடு பதில் வேண்டும். அணி பாதியில் வெளியேறினால் மீதிக் கடனை உரிமையாளர் கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கட்டுமானச் செலவு மிஞ்சினால் யார் பொறுப்பு, மேஜர் லீக் நாளைக்குப் புது நிபந்தனை போட்டால் யார் பொறுப்பு என்பதும் முக்கியம். உரிமையாளர் யார் என்று தேடிப் பாருங்கள். இன்று 40-க்கும் மேற்பட்ட அணிகள் டயமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 1957-ல் ஊர்மக்கள் பங்கு வாங்கி அணியைக் காப்பாற்றினார்கள், இன்றும் அது அவர்களுடையதுதான். இந்த இரண்டில் எந்த வகை உரிமையாளரோடு ஒப்பந்தம் போடுகிறோம் என்பது முப்பது ஆண்டுக் கடனில் பெரிய வித்தியாசம். ஹோட்டல் வரியிலிருந்து எவ்வளவு பணம் வரும் என்றும் கேளுங்கள். வருகிற ஒவ்வொரு டாலருக்கும் உங்கள் சொத்து வரி அந்த அளவு தப்பிக்கும்.

பேச மூன்று நிமிடம்தான் தருவார்கள். குத்தகை வரைவை நகர எழுத்தரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.