டிஸ்மிஸ் உத்தரவுக்கு அப்பீல்: கேட்டவர்களுக்குப் பதில்

மாவட்டக் காவல் அலுவலகம் ஒன்றில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் எழுத்துப் பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரித்து அனுப்பும் வேலை அது. இப்போது அதே குறிப்பாணைகளைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன். வக்கீல் இல்லை. தமிழ்நாட்டில் காவலர் முதல் எஸ்.ஐ. வரை உள்ளவர்களின் விஷயம் மட்டும் கேளுங்கள். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு விதிகள் வேறு, அது எனக்குத் தொழில் இல்லை.

ஒரு காவலரின் மனைவி: ஐயா, போன வாரம் என் கணவருக்கு டிஸ்மிஸ் உத்தரவு வந்தது. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

அம்மா, உத்தரவு கைக்கு வந்த தேதியை அதன் மேல் ஓரத்தில் எழுதி வையுங்கள். கெடு அந்த நாளிலிருந்துதான் ஓடும். எத்தனை நாள் என்பது உத்தரவின் கடைசிப் பத்தியில் இருக்கும்.

அடுத்து, கையெழுத்துப் போட்டது யார் என்று பாருங்கள். நியமித்தவரைவிடக் கீழே உள்ள அதிகாரி டிஸ்மிஸ் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 311(1) அப்படிச் சொல்கிறது. காவலருக்கு எஸ்.பி. போட்டிருந்தால் சரி. எஸ்.ஐ.க்கு எஸ்.பி. போட்டிருந்தால் அந்த உத்தரவு நிற்காது. இப்படி நடக்குமா என்று கேட்காதீர்கள், அவசரத்தில் எல்லாம் நடக்கும்.

இனி மனு. வருகிற மனுக்களில் பெரும்பாலானவை "எனக்கு வயதான தாய், இரண்டு பெண் குழந்தைகள்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அது கருணை மனு. அதற்கு வேறு இடம், வேறு நேரம் இருக்கிறது. அப்பீலைப் படிக்கும் டி.ஐ.ஜி. அலுவலகம் தேடுவது வேறு: விசாரணை ஒழுங்காக நடந்ததா, சாட்சியம் குற்றச்சாட்டைத் தாங்குகிறதா, தண்டனை அளவு மீறியதா. மனுவும் அதே வரிசையில் பேச வேண்டும்.

உங்கள் கணவருக்கு 3(பி) குறிப்பாணை வந்திருக்கும். 1955ஆம் ஆண்டு தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில் பெரிய தண்டனைக்கான வழி அது. அந்தக் கோப்பு முழுவதையும் தரையில் பரப்புங்கள். குற்றச்சாட்டில் நாள், இடம், செயல் தெளிவாக இருக்கிறதா, அல்லது "காவல் துறைக்கு இழுக்கு ஏற்படுத்தும் விதமாக நடந்துகொண்டார்" என்று பொத்தாம் பொதுவாக முடிகிறதா? பட்டியலில் உள்ள ஆவணங்களின் நகல் கிடைத்ததா? புகார் கொடுத்தவரே சாட்சி சொன்னாரா, அவரை உங்கள் கணவர் குறுக்கு விசாரணை செய்தாரா? டெல்லிக் காவலர் ஒருவரின் வழக்கில், பணம் குறைவாகக் கொடுத்தார் என்று புகார் சொன்ன கூலித் தொழிலாளர்களை விசாரணைக்கே கொண்டுவரவில்லை. 1999இல் உச்ச நீதிமன்றம் டிஸ்மிஸ்ஸை ரத்து செய்தது. எஃப்.ஐ.ஆர்.ரை மேசையில் வைத்துவிட்டால் மட்டும் அது சாட்சியம் ஆகிவிடாது என்று 2009இல் ஒரு வங்கி ஊழியர் வழக்கிலும் சொல்லியிருக்கிறது.

பிறகு மினிட். விசாரணை அதிகாரி எழுதும் முடிவறிக்கையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தண்டனை போடுவதற்கு முன் அதன் நகலைக் கொடுத்து, அதன் மேல் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். ரம்ஜான் கான் வழக்கு (1990), கருணாகர் வழக்கு (1993) இரண்டும் இதற்குத்தான். ஆனால் "நகல் தரவில்லை" என்ற ஒரு வரியோடு நிறுத்தினால் கருணாகர் தீர்ப்பே உங்களுக்கு எதிராகத் திரும்பும். நகல் கிடைக்காததால் எதைச் சொல்ல முடியாமல் போனது, என்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும் என்கிறது அது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. உத்தரவின் கடைசிப் பக்கத்தில் "இவர் ஏற்கெனவே இத்தனை தண்டனை பெற்றவர்" என்று ஒரு பத்தி இருக்கும். குறிப்பாணையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், பதில் சொல்ல வாய்ப்பும் தராமல், தண்டனையைக் கூட்டுவதற்கு அதைப் பயன்படுத்தியிருந்தால் அது தவறு. 1963 மஞ்சே கவுடா வழக்கிலிருந்து இது சட்டம். நானே அந்தப் பத்தியைத் தயாரித்து வைத்து எல்லா உத்தரவிலும் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மனு டி.ஐ.ஜி. பெயருக்கு, எஸ்.பி. வழியாகப் போகும். முன்நகல் ஒன்றை டி.ஐ.ஜி. அலுவலகத்துக்கு நேராக அனுப்புங்கள். தபால் பிரிவில் கொடுத்தால் உங்கள் கையில் இருக்கும் நகலில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். இதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன்.

சட்டக் கல்லூரி மாணவி: இங்கிலாந்தில் போலீஸ் அதிகாரிகள் மீதான ஒழுங்கு விசாரணையைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாமாமே. இங்கே அப்பீல் விசாரணையைப் பார்க்க முடியுமா?

பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது அம்மா. இங்கே அப்பீல் என்பது பெரும்பாலும் ஒரு கோப்பு இன்னொரு மேசைக்குப் போவதுதான். வாய்மொழி விசாரணையும் எஸ்.பி. அலுவலக வளாகத்தில் ஏதாவது ஒரு அறையில், விசாரணை அதிகாரி, எழுத்தர், காவலர், சாட்சி என்று நாலைந்து பேரோடு முடிந்துவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் கடும் ஒழுங்கீன விசாரணைகள் பொது விசாரணைதான். தனிக் காரணம் இருந்தால்தான் கதவை மூடுவார்கள். அப்பீலுக்குத் தனித் தீர்ப்பாயம், அதன் தலைவர் சட்டம் படித்தவர். 2017 இறுதியிலிருந்து, டிஸ்மிஸ் ஆனவர்களின் பெயர் தடைப் பட்டியலில் ஏறும், வேறு ஊர்க் காவல் படையிலும் சேர முடியாது.

இங்கும் அப்படி வர வேண்டும் என்பது என் கட்சி. காவலர்கள் இதை எதிர்ப்பார்கள் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், கதவைத் திறந்து வைத்தால் முதலில் லாபம் அடைபவர் கடைநிலைக் காவலர்தான். மேலிடத்து ஏவலில் எழுதிய மினிட்டைப் பத்துப் பேர் முன்னால் படிக்க எந்த விசாரணை அதிகாரிக்கும் கூச்சமாக இருக்கும். இன்றைக்குத் திறந்த கதவு வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையிலோ மதுரைக் கிளையிலோ சர்வீஸ் வழக்குகள் நடக்கும் அறையில் யாரும் உட்காரலாம். போய் ஒரு நாள் கேளுங்கள், புத்தகத்தில் இல்லாதது கிடைக்கும்.

முதல்நிலைக் காவலர்: சஸ்பென்ஷனில் இருக்கிறேன், ஐந்து மாதமாகக் குறிப்பாணை வரவில்லை.

இன்றைய தலைப்பு டிஸ்மிஸ். 2015 அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பைக் காட்டி மனுப் போடுங்கள். மூன்று மாதத்துக்குள் குறிப்பாணை தராவிட்டால் சஸ்பென்ஷனை நீட்டக் கூடாது என்கிறது அது.

புகார் கொடுத்த ஒரு பெண்: என்னிடம் தவறாக நடந்த காவலரை டிஸ்மிஸ் செய்தார்கள். அவர் அப்பீல் போட்டிருக்கிறார். என்னைக் கூப்பிடுவார்களா? அவரைத் திரும்ப எடுத்துவிட்டால் நான் அப்பீல் போட முடியுமா?

உங்களைப் பொதுவாகக் கூப்பிட மாட்டார்கள். இந்த நடவடிக்கையில் நீங்கள் சாட்சி மட்டுமே, கட்சிக்காரர் இல்லை. துறைக்குள் உங்களுக்கு அப்பீல் உரிமை கிடையாது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் நிலைமை அதுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பைக் கேட்டாலும், 2012 தேஷ்பாண்டே தீர்ப்பைக் காட்டி "தனிப்பட்ட தகவல்" என்று மறுப்பார்கள். பொதுநலன் இருக்கிறது என்று வாதாட இடம் உண்டு, ஆனால் நீண்ட வழி.

உங்கள் கையில் இருப்பது இரண்டு. ஒன்று கிரிமினல் வழக்கு. இன்னொன்று மாநில மனித உரிமை ஆணையம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கெடு போய்விட்டால் ஆணையம் எடுக்காது. டி.ஐ.ஜி.க்கு எழுத்து மூலம் உங்கள் நிலையைத் தெரிவித்தும் வைக்கலாம், தடை ஒன்றும் இல்லை. முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைமைக் காவலர்: கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டேன். டிஸ்மிஸ் தானாக ரத்தாகிவிடும்தானே?

ஆகாது. கோர்ட்டுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். துறை விசாரணைக்கு, இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். நம் ஊர் வழக்கையே பாருங்கள். 1999இல் குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்குப் போன ஒருவர், இரவில் தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு தம்பதியிடம் குடிபோதையில் தகராறு செய்தார் என்று டிஸ்மிஸ் ஆனார். கிரிமினல் வழக்கில் விடுதலை. உயர் நீதிமன்றம் டிஸ்மிஸ்ஸை ரத்து செய்தது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, டிஸ்மிஸ் சரிதான் என்றது. சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை, குற்றமற்றவர் என்று கிடைத்த கௌரவமான விடுதலை ஆகாது என்பது காரணம்.

ஓய்வு பெற்ற எஸ்.ஐ.: நீங்கள் பையன்களைப் பயமுறுத்துகிறீர்கள் சார். 2023 ராம்லால் தீர்ப்பு வந்த பிறகு தென்காசி வழக்கு செல்லாது. அவரும் காவலர்தான், அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

எஸ்.ஐ. ஐயா, ஒன்று இன்னொன்றைச் செல்லாமல் ஆக்கவில்லை. ராம்லால் ராஜஸ்தான் ஆயுதப் படைக் காவலர். மதிப்பெண் சான்றிதழில் பிறந்த தேதியைத் திருத்தினார் என்பது குற்றச்சாட்டு. கோர்ட், துறை இரண்டு இடத்திலும் அதே குற்றச்சாட்டு, அதே சாட்சி, அதே ஆவணம். மேல்முறையீட்டில் கோர்ட் அந்தச் சாட்சியத்தை அலசிப் பார்த்து, குற்றமே நிரூபணம் ஆகவில்லை என்ற முடிவுக்கு வந்தது. தீர்ப்பில் "சந்தேகத்தின் பலன்" என்ற சொல் இருந்தாலும் அதை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் தீர்ப்பு முழுவதையும் படிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். வேலையில் இல்லாத காலத்துக்கான பின்சம்பளத்தில் பாதிதான் கொடுத்தது. ஆக, கேட்க வேண்டியது "விடுதலையா" என்பதல்ல, "எப்படி விடுதலை" என்பது.

மதுரை இளம் வழக்கறிஞர்: கிரிமினல் வழக்கு முடியும்வரை துறை விசாரணையை நிறுத்தி வைக்கக் கேட்பதுதானே புத்திசாலித்தனம்? பால் ஆண்டனி வழக்கு (1999) இருக்கிறதே.

கேட்கலாம். கடும் குற்றச்சாட்டு, சிக்கலான கேள்விகள், இரண்டும் ஒரே சம்பவம் என்றால் நிறுத்தி வைப்பார்கள். ஆனால் கிரிமினல் வழக்கு இழுத்தால் துறை விசாரணையைத் தொடரலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நம் ஊரில் எந்த வழக்கு இழுக்காது? தற்காப்பை முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டாம் என்பவருக்கு இது உதவும். மற்றவருக்கு, சஸ்பென்ஷனில் கிடைக்கும் குறைந்த பிழைப்பூதியத்தில் வருடங்கள் போகும்.

ஓய்வு பெற்ற எஸ்.ஐ.: சாட்சி பிறழ்வது எங்கள் தப்பா? சாட்சிக்கே நம்பிக்கை இல்லாத புகாருக்கு ஒருவன் வேலையை விட வேண்டுமா?

புகார் கொடுத்த அதே பெண்: ஐயா, என் சாட்சி ஒருவர் வாரம் ஒருமுறை ஸ்டேஷனைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். அவர் ஏன் பிறழ்ந்தார் என்று உங்களுக்குத் தெரியாதா?

இதற்கு எஸ்.ஐ. ஐயா பதில் எழுதுவார் என்று காத்திருந்தேன், எழுதவில்லை. நான் சொல்கிறேன். யூனிபார்ம் போட்டவருக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் நிலை வேறு. துறை விசாரணைக்குத் தாழ்ந்த நிரூபண அளவு இருப்பதில் அதுவும் ஒரு நியாயம். அதே சமயம், அந்தத் தாழ்ந்த அளவை வைத்துக்கொண்டு மேலதிகாரிக்குப் பிடிக்காதவரைக் கழற்றிவிட்டதும் உண்டு. இரண்டும் நடக்கிறது. அதனால்தான் சாட்சியத்தை வரிவரியாகப் படியுங்கள் என்கிறேன். இந்த வாதம் இதோடு போதும்.

சென்னை, ஒரு காவலர்: டி.ஐ.ஜி.யிடம் போய் என்ன பயன்? நேராக ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா?

போட்டால் "அப்பீல் போட்டீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அதிகாரமே இல்லாதவர் போட்ட உத்தரவு, உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுக்கும் இயற்கை நீதி மீறல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றபடி படிகளில் ஏறித்தான் போக வேண்டும். அங்கே போனாலும் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. 1963இல் ஆந்திர எஸ்.ஐ. ஒருவர் வழக்கிலேயே தீர்ந்த விஷயம் அது. சாட்சியமே இல்லை, விதி மீறல், தண்டனை மனசாட்சியை உலுக்குகிறது, இவைதான் அங்கே எடுபடும்.

காவலரின் தம்பி: அண்ணன் ஒரே ஒரு நாள் டியூட்டியில் குடித்திருந்தார். அதற்கு டிஸ்மிஸ்ஸா?

கையில் துப்பாக்கி இருந்ததா? பஞ்சாபில் சர்வீஸ் ரிவால்வரோடு குடித்துவிட்டு பஸ் நிலையத்தில் திரிந்த காவலரின் டிஸ்மிஸ்ஸை 1992இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரே செயலும் போதும் என்றது. ஆயுதம் இல்லை, பழைய தண்டனை இல்லை என்றால் தண்டனைக் குறைப்புக் கேட்டு எழுதுங்கள்.

இன்னொரு காவலர்: 21 நாள் டியூட்டிக்கு வராததால் விட்டோடி என்று டிஸ்மிஸ்.

மருத்துவச் சான்று இருந்தால் அப்போதே அனுப்பியதற்கு அத்தாட்சி வேண்டும். முத்திரை, முத்திரை, முத்திரை.

பெயர் வேண்டாம்: விசாரணையே வைக்காமல் 311(2)(பி)யில் தூக்கிவிட்டார்கள்.

இது கனமான விஷயம். விசாரணை நடத்துவது "நடைமுறையில் இயலாது" என்பதற்குக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1985 துளசிராம் படேல் வழக்கு இந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்டது, ஆனால் காரணத்தை நீதிமன்றம் பார்க்கலாம் என்றும் சொன்னது. 1990இல் பஞ்சாப் தலைமைக் காவலர் ஜஸ்வந்த் சிங் விஷயத்தில், அதிகாரியின் நினைப்பு மட்டும் போதாது, அதற்கு ஆதாரம் வேண்டும் என்று உத்தரவை ரத்து செய்தது. முதலில் அந்தக் காரணப் பதிவின் நகலைக் கேளுங்கள். இதற்கு நல்ல சர்வீஸ் வக்கீல் வேண்டும், என் மனு போதாது.

பயிற்சிக் காவலர்: பழைய வழக்கை மறைத்தேன் என்று அனுப்பிவிட்டார்கள்.

அது சரிபார்ப்புப் படிவ விவகாரம், வேறு சட்டம். அவதார் சிங் (2016) தீர்ப்போடு வக்கீலைப் பாருங்கள்.

ஒருவர்: என் மாமா கோர்ட்டில் விடுதலை. வேலை வருமா?

மேலே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

இன்னொருவர்: விடுதலை ஆனவர்களுக்குத் தானாகவே...

மேலே.

காவலரின் அப்பா: தலைமைச் செயலகத்தில் ஆள் இருக்கிறார், பணம் கொடுத்தால் உத்தரவை மாற்றித் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். கேட்பவருக்குக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. டி.ஐ.ஜி. தள்ளிவிட்டால் டி.ஜி.பி.க்குச் சீராய்வு மனு, பிறகு உள்துறைக்கு மனு என்று காசில்லாத வழிகள் இருக்கின்றன. வயதான தாய், பெண் குழந்தைகள் எல்லாம் எழுத வேண்டிய இடம் அந்தக் கடைசி மனு.

ஒரு காவலர்: சார், நாளையோடு கெடு முடிகிறது. இன்னும் எழுதவே இல்லை.

இதைப் படிப்பதை நிறுத்துங்கள் தம்பி. இரண்டு பக்கம் போதும்: உத்தரவின் எண், தேதி, கைக்கு வந்த நாள், மூன்று முக்கியக் குறைகள், "கூடுதல் காரணங்களைப் பின்னர் சமர்ப்பிக்க அனுமதி வேண்டுகிறேன்" என்று ஒரு வரி. காலையில் எஸ்.பி. அலுவலகத் தபால் பிரிவில் கொடுங்கள், அதே நகலை டி.ஐ.ஜி. அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.