ஓபோ, பஸூன் கூடலுக்கு வருமுன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பள்ளிப் பிள்ளைகள் முதல் எழுபதைத் தாண்டியவர்கள் வரை, ஓபோவோ பஸூனோ வாசிக்கிற யாரும் வந்து ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து வாசிக்கும் கூடல் இது. இரண்டும், ரீட் என்கிற இரட்டை நாணல் தகட்டை வாயில் வைத்து ஊதும் மேற்கத்திய வாத்தியங்கள்; ஓபோ சிறியது, பஸூன் பெரியது, கீழ் ஸ்தாயியில் ஒலிப்பது. போட்டி இல்லை, தேர்வு இல்லை. காலையில் எல்லோரும் ஒன்றாக வாசிப்போம், நடுவில் சிறு குழுக்களாகப் பிரிவோம், மாலையில் மறுபடி ஒன்றாக உட்காருவோம். ரீட்களைச் சரிபார்த்துச் சரிசெய்யும் ரீட் மேசை நாள் முழுக்க ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும். நான் ஓபோ வாசிப்பவன். இப்படிப்பட்ட கூடல்களில் ரீட் மேசையைக் கவனித்துக்கொள்பவன். பஸூன் பற்றிய பதில்களை மட்டும் அதை வாசிக்கும் நண்பர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இந்த இரண்டு வாத்தியங்களுக்கு மட்டும் ஏன் தனியாக ஒரு நாள்? புல்லாங்குழல், கிளாரினெட் எல்லோரையும் அழைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே?

அவர்களோடு வாசிக்கத்தான் ஆண்டு முழுக்க வாய்ப்பு இருக்கிறது. ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவிலேயே ஓபோ இரண்டோ மூன்றோதான், பஸூனும் அப்படியே. பள்ளி இசைக்குழு என்றால் பெரும்பாலும் ஒரே ஒருவர். கிளாரினெட் கற்கும் பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் ஐந்து பேர் இருப்பார்கள். பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம். பஸூன் கற்கும் பிள்ளை தன் ஆசிரியரைத் தவிர இன்னொரு பஸூனை அருகில் கேட்காமலே வருடக்கணக்கில் இருந்துவிட முடியும். தன் வாத்தியத்தில் வரும் கரகரப்பு ரீட்டின் கோளாறா, தன் கோளாறா என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கூட்டம் புதிதும் இல்லை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரண்மனையில் ஓபோ, பஸூன் குடும்பத்தைச் சேர்ந்த பன்னிருவர் அடங்கிய குழுவே இருந்தது. இன்று அந்தப் பழக்கத்தை உயிரோடு வைத்திருப்பது இப்படிப்பட்ட நாட்கள்தான். சர்வதேச அளவில் 1971-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் டபுள் ரீட் சொசைட்டி (இரட்டை ரீட் வாத்தியக்காரர்களின் சங்கம்) ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பஸூன் சத்தம் கேட்டால் அப்படிச் சிரிக்கிறாள், அதுதான் வேண்டும் என்கிறாள். அவள் உயரத்துக்கு அது முடியுமா?

முழு அளவு பஸூன் நிற்க வைத்தால் ஏறக்குறைய 134 செ.மீ. உயரம். உள்ளே மடிந்திருக்கும் குழாயை நீட்டினால் இரண்டரை மீட்டர். துளைகளுக்கு இடையில் உள்ள தூரம் சிறிய விரல்களுக்கு எட்டாது. ஆனால் குழந்தைகளுக்கென்றே சிறிய பஸூன்கள் செய்கிறார்கள். அவை முழு அளவு பஸூனைவிட நான்கு அல்லது ஐந்து ஸ்வரம் மேலே ஒலிக்கும், விரல் வைக்கும் முறை ஒன்றுதான். பின்னாளில் பெரியதற்கு மாறும்போது கற்றது எதுவும் வீணாகாது. அவளிடம் அப்படி ஒன்று இருந்தால் எந்தச் சுருதி என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கேற்ற நோட்டேஷன் தாள் எடுத்து வைப்போம்.

ஓபோ என்றால் முன்பற்கள் நிரந்தரப் பற்களாக முளைத்திருப்பது நல்லது. இரண்டு உதடுகளையும் பற்களின் மேல் லேசாக மடித்து, நடுவில் ரீட்டை வைத்துத்தான் ஊதுகிறோம். இங்கேயும் குறைவான சாவிகளுடன் (துளைகளைத் திறந்து மூடும் உலோக விசைகள்) எடை குறைந்த வாத்தியங்கள் கிடைக்கின்றன. எதுவானாலும் முதலில் மென்மையான ரீட் கொடுங்கள். கடினமான ரீட்டோடு ஆரம்பித்து, காற்று போகவில்லை என்று இரண்டே வாரத்தில் விட்டுவிட்ட குழந்தைகள் நிறைய. குழந்தையிடம் குறையே இல்லை, அது ரீட்டின் குற்றம்.

கேள்வி: வயது அறுபத்தாறு. இளமையில் ஓபோ வாசித்தேன், முப்பது வருடம் தொடவில்லை. இப்போது எடுத்தால் தலை சுற்றுகிறது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். உங்களைப் போல் திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொரு கூடலிலும் இருக்கிறார்கள்.

தலை சுற்றுவதற்குக் காரணம் மூச்சு போதாமை என்று பலரும் நினைக்கிறார்கள். ஓபோவில் பிரச்சினை நேர்மாறானது. ரீட்டின் வாய் மிகச் சிறியது. உள்ளே இழுத்த காற்றில் கொஞ்சம்தான் வெளியே போகிறது, மீதி நுரையீரலிலேயே தங்கிப் பழசாகிவிடுகிறது. அதன் மேலேயே மறுபடி மூச்சு இழுத்தால் நெஞ்சு முட்டும். ஆகவே இடைவெளி கிடைத்ததும் முதலில் மூச்சை வெளியே விடுங்கள், அப்புறம் உள்ளே இழுங்கள். நேரம் குறைவாக இருந்தால் ஓர் இடத்தில் விடுவதையும் அடுத்த இடத்தில் இழுப்பதையும் வைத்துக்கொள்ளலாம். தாளில் இரண்டையும் வேறு வேறு குறியாகப் பென்சிலால் போட்டுக்கொண்டால் உடம்பு சீக்கிரம் பழகிவிடும்.

இன்னொன்று. இவ்வளவு எதிர்ப்புள்ள வாத்தியத்தை ஊதும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் தற்காலிகமாக உயர்கிறது. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் ரீட் மட்டும்தான் எனக்குத் தெரியும். ரீட் மேசையில் என்ன செய்வீர்கள்? நானே செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா?

ஒரே நாளில் ரீட் செய்யக் கற்றுத்தர முடியாது. வாங்கிய ரீட்டைச் சரிசெய்ய ஒரே நாளில் கற்றுத்தர முடியும். என்னைக் கேட்டால் முதலில் வேண்டியது அதுதான். நல்ல ரீட்டாக மாறியிருக்கக்கூடியதைச் சரியில்லை என்று தூக்கிப் போடுவதைப் பார்த்தால் மனது வலிக்கிறது.

ரீட் என்பது அருண்டோ டோனாக்ஸ் என்கிற நாணல் வகைப் புல். பிரான்சின் தெற்கே வார் பகுதியில் விளைவதற்குப் பெயர் அதிகம். நாகஸ்வரத்தின் சீவாளியைப் போல இரண்டு தகடுகள் எதிரெதிரே நின்று அதிர்கின்றன. ஓபோ ரீட்டில் அந்தத் தகடுகளை நூலால் ஓர் உலோகக் குழாயில் கட்டுகிறோம். ஸ்டேப்பிள் என்று சொல்லும் அந்தக் குழாயின் வழக்கமான நீளம் 47 மி.மீ., அடியில் கார்க் சுற்றியிருக்கும். முழு ரீட்டும் 70 மி.மீ.-க்குச் சற்று மேலே வரும். பஸூன் ரீட்டுக்கு ஸ்டேப்பிள் கிடையாது. நாணலே குழாயாக உருட்டப்பட்டு, மூன்று பித்தளைக் கம்பிகளால் இறுக்கப்பட்டு, நேராக போக்கல் என்கிற வளைந்த உலோகக் குழாயில் செருகப்படுகிறது.

மேசைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, எப்படி நனைக்கிறீர்கள் என்று. ஓபோ ரீட்டுக்கு வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும், பஸூன் ரீட்டுக்கு இன்னும் கொஞ்சம். வாயிலேயே வைத்து நனைத்தால் எச்சில் நாணலைச் சீக்கிரம் கெடுத்துவிடும். மணிக்கணக்கில் ஊறப் போட்டால் தகடு தடித்து வாய் அகலமாகத் திறந்துவிடும். நிறையப் பேருடைய ‘கெட்ட ரீட்’ இந்த இடத்திலேயே குணமாகிவிடுகிறது.

அடுத்து, வாத்தியத்தில் செருகாமல் ரீட்டை மட்டும் ஊதிப் பார்ப்போம். பஸூன் ரீட் தடித்த, பல ஒலி கலந்த கரகரப்பாகக் கத்த வேண்டும். கீச்சென்று ஒற்றை ஒலி வந்தால் எங்கோ இறுகியிருக்கிறது. முனைக்கு அருகில் உள்ள முதல் கம்பியைக் குறடால் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும், மேலும் கீழுமாக அழுத்தினால் மூடும். பலருக்கு இது ஒன்றே போதும். கத்தியை எடுக்கவே வேண்டாம். ஓபோ ரீட்டில், தகட்டைக் கத்தியால் சுரண்டி மெல்லியதாக்கும் முறைக்கு ஏற்றபடி எதிர்பார்ப்பு மாறும். அமெரிக்க முறையில் நீளமாகச் சுரண்டிய ரீட் ஊதும்போது ‘சி’ ஸ்வரத்தை எட்ட வேண்டும் என்பார்கள். ஐரோப்பியக் குறுஞ்சுரண்டலுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் ரீட் எந்த வகை என்று தெரியாமல் யாரோ சொன்னதை வைத்துச் சுரண்டாதீர்கள். முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கத்தி ஒரு தடவை கூடுதலாகப் போனால் அந்த ரீட் முடிந்தது.

சுரண்டிப் பழக, தூக்கிப் போட நினைத்த பழைய ரீட்களைக் கொண்டுவாருங்கள். நல்லதில் கை வைக்க விடமாட்டேன்.

கேள்வி: வயது பதிமூன்று, பஸூன் இரண்டாவது வருடம். நடுவில் இருக்கும் ‘ஏ’ ஸ்வரம் எடுக்கும்போதெல்லாம் முதலில் கீழே ஒரு உறுமல் வந்து அப்புறம்தான் சரியாகிறது. ரீட் மாற்றியும் போகவில்லை, அண்ணா.

தம்பி, ரீட் மேல் குற்றம் இல்லை, உன் மேலும் இல்லை. பஸூனின் அமைப்பே அப்படி. இடது கட்டை விரலுக்கு மேலே இருக்கிற உயர் ‘ஏ’ சாவியை, ஸ்வரம் தொடங்குகிற நேரத்தில் ஒரு தொடுதல் தொட்டுவிட்டு எடு. ‘பி ஃப்ளாட்’, ‘பி’, ‘சி’ மூன்றுக்கும் உயர் ‘சி’ சாவி. இதைத்தான் ஃப்ளிக் என்பார்கள். முதலில் மெதுவான நீண்ட ஸ்வரங்களில் பழகு, நாக்கால் தொடங்காமல் வெறும் மூச்சால் தொடங்கிப் பார். இன்னொரு சந்தேகம் இருந்தால் இதையும் சோதித்துவிடு: ‘ஜி’ எடுக்கும்போது இடது ஆள்காட்டி விரல் துளையை முழுக்க மூடாமல் பாதி திறந்திருக்கிறதா? விரலைத் தூக்காதே, உருட்டு. கூடலில் பெரியவர்கள் பக்கத்தில் உன்னை உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிரு.

கேள்வி: முப்பது ஓபோ ஒரே அறையில் என்றால் சுருதி என்ன ஆகும்? யார் ‘ஏ’ கொடுப்பது?

ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் சுருதி சேர்க்க ஓபோதான் ‘ஏ’ ஸ்வரம் கொடுக்கும். இங்கே ட்யூனர் என்கிற சுருதிக் கருவிதான் கொடுக்கும். அந்த ‘ஏ’ 440 ஹெர்ட்ஸா 442 ஹெர்ட்ஸா என்பதைக் காலையிலேயே அறிவித்துவிடுவோம். அறை சூடாகச் சூடாகச் சுருதி மேலே ஏறும். எனவே காலையில் சேர்த்ததை மதியம் மறுபடி சேர்க்க வேண்டும். ஓபோக்காரர்கள் ரீட்டை அதிகம் வெளியே இழுக்காதீர்கள். உள்ளே விழும் இடைவெளி சில ஸ்வரங்களைத் தடுமாற வைக்கும். பஸூன்காரர்கள் இரண்டு அளவு போக்கல் வைத்திருந்தால் இரண்டையும் கொண்டுவாருங்கள், எண் கூடக் கூடச் சுருதி இறங்கும். மற்றபடி மெதுவாக வாசித்துப் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். தன் ஒலியைவிடப் பக்கத்து ஒலி நன்றாகக் கேட்கும் அளவுக்கு வாசித்தால் முப்பது பேரும் சேருவார்கள்.

கேள்வி: எங்கள் பக்கமும் இப்படி ஒரு நாள் நடத்த ஆசை. எல்லோரும் வாசிக்கிற மாதிரி என்ன இசை எடுப்பது?

முதல் தேர்வு ஹேண்டலின் ‘மியூசிக் ஃபார் தி ராயல் ஃபயர்வொர்க்ஸ்’. 1749-இல் லண்டனில் திறந்த வெளியில் வாசிக்க எழுதியது. வயலின்கள் வேண்டாம் என்பது மன்னரின் விருப்பம். 24 ஓபோ, 12 பஸூன், கூடவே ட்ரம்பெட், ஹார்ன், முரசுகள். ஒரே குரலை, அதாவது ஒரே பகுதியை, பல ஓபோக்கள் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று எண்ணியே எழுதிய இசை. நம் கூட்டத்துக்காகவே எழுதியது போல இருக்கும். ஓபோ மூன்று குரலாகப் பிரியும். எளிய குரலைப் புதியவர்களுக்குக் கொடுத்து, ஒவ்வொரு குரலிலும் அனுபவசாலி ஒருவரை நடுவில் உட்கார வையுங்கள். வயது வாரியாகப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். கூடலின் பயனே அதில் போய்விடும்.

சிறு குழுக்களுக்கு இரண்டு ஓபோவும் ஒரு இங்கிலீஷ் ஹார்னும் (ஓபோவைவிடச் சற்றுக் கீழே ஒலிக்கும் அதன் குடும்பத்து வாத்தியம்) கிடைத்தால் பீத்தோவனின் ஓபஸ் 87. பியானோ இருந்தால் ஓபோ, பஸூன், பியானோவுக்கு பூலாங்க் 1926-இல் எழுதிய ட்ரியோ, அதாவது மூவர் இசை. ஜெலெங்காவின் ட்ரியோ சொனாட்டாக்கள் எனக்கு உயிர். ஆனால் அவை கடினம், நன்றாகத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள். நிறைய ஓபோ சேர்ந்தால் ஒலி மேலேயே நின்றுவிடும். ஒரு கான்ட்ராபஸூன் கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். பஸூனுக்கும் ஒரு ஸ்தாயி கீழே அது ஒலிக்கத் தொடங்கியதும் முழுக் கூட்டத்துக்கும் அடித்தளம் கிடைத்துவிடும்.

கேள்வி: விமானத்தில் வருகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வாத்தியம் கையோடு, ரீட் கத்தி சரக்குப் பெட்டியில். மாற்றி வைத்தால் கத்தி பாதுகாப்புச் சோதனையோடு போய்விடும்.

கேள்வி: மற்றவர்களுடைய வாத்தியத்தை வாசித்துப் பார்க்கலாமா?

உரியவர் சம்மதித்தால் பார்க்கலாம். உங்கள் ரீட்டை மட்டும் பயன்படுத்துங்கள், பஸூன் என்றால் உங்கள் போக்கலையும். சுகாதாரத்துக்காக மட்டும் இல்லை. பழகிய ரீட்டோடு வாசித்தால்தான் வாத்தியத்தின் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: போன மாதம்தான் புது மர ஓபோ வாங்கினேன். நாள் முழுக்க அதையே வாசிக்கலாமா?

வேண்டாம். புது மரத்தை ஒரே நாளில் மணிக்கணக்கில் ஊதினால் உள்சுவர் ஈரமும் சூடும் ஏறி விரியும், வெளிச்சுவர் அப்படியே இருக்கும். மேல் பகுதியில் விரிசல் விடுவது இப்படித்தான். கால் மணி, இருபது நிமிடம் என்று பிரித்து வாசியுங்கள், நடுவில் ஸ்வாப் என்கிற துடைக்கும் துணி போட்டு ஈரத்தை எடுங்கள். குளிர்ந்திருந்தால் ஊதுவதற்கு முன் மேல் பகுதியைக் கைகளுக்குள் வைத்துச் சூடாக்குங்கள்; உள்ளே சூடான மூச்சை விட்டுச் சூடாக்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் ஓபோ கைவசம் இருந்தால் அன்று அதைக் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். கூட்டத்தில் வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

கேள்வி: ஆறு மணி நேர வாசிப்பு என்கிறீர்கள். எனக்கு அரை மணியிலேயே உதடு விட்டுப்போகிறது.

அனுபவசாலிகளுக்கும் ஆறு மணி நேரம் தொடர்ந்து முடியாது. உதட்டின் ஓரங்கள் தளர்ந்து காற்று கசியத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். கடித்துக்கொண்டு தொடர்ந்தால் சுருதி ஏறும், அடுத்த நாளும் வலிக்கும். அன்றைக்கு மட்டும் வழக்கத்தைவிட எளிதாக ஊதக்கூடிய ரீட்டைப் பயன்படுத்துங்கள். பஸூன்காரர்கள் எடையை வார்ப்பட்டையில் விட்டுவிடுங்கள்; கை எடை தாங்கினால் உதடும் சேர்ந்து இறுகும். மதியத்துக்கு மேல் மூன்றாவது குரலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஓய்வு அளவுகள் அதிகம். அதுவும் முடியவில்லை என்றால் ரீட் மேசைப் பக்கம் வாருங்கள், நாற்காலி போட்டு வைத்திருப்பேன்.