இச்சையடக்கமும் முகமூடியும்

அன்புள்ள ஐயா,

பங்க் இசை பற்றி நீங்கள் எழுதியதில் லஸ்ட் கண்ட்ரோல் (இச்சைக் கட்டுப்பாடு) என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ பங்க் குழுவை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் பிடித்துக் கேட்டேன், எரிச்சல்தான் வந்தது. பங்க் என்பதே அதிகாரத்துக்கு எதிரான சத்தம் இல்லையா? கல்யாணத்துக்கு முன் ஒழுக்கமாக இரு என்று பிரசங்கம் பண்ண எதற்கு இவ்வளவு கத்தல்? இதை நிஜமாகவே ரசிக்கிறீர்களா?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

பாதி ரசிக்கிறேன்.

அந்தப் பெயரை முதலில் பாருங்கள். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனிகளில் கடைசியாக வருவது, நம் பழைய தமிழ் வேதாகமத்தில், ‘இச்சையடக்கம்’. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். ஆங்கிலத்தில் அங்கே சும்மா தன்னடக்கம் என்றுதான் இருக்கிறது. நாம் ஒப்பிக்கும் சொல்லைத்தான் அவர்கள் குழுவுக்குப் பெயராக வைத்தார்கள், அங்கே அது கெட்ட வார்த்தை மாதிரி ஒலித்தது.

டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரம், 1988. பாடியவர் டக் வான் பெல்ட், ‘ஹெவன்ஸ் மெட்டல்’ என்ற கிறிஸ்தவ ராக் பத்திரிகையின் ஆசிரியர். கிட்டாரிஸ்ட் பால் க்யூ-பெக் அதே ஊரின் ஒன் பேட் பிக் குழுவிலும் இருந்தவர் (1991-இல் பிரபல அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷே வந்து கூடப் பாடினாரே, அந்தக் குழுதான்). மேடையில் முகமூடி.

அந்த வருஷத்தை மறந்துவிட்டு இந்தப் பாட்டுகளைக் கேட்க முடியாது. முந்தின வருஷம்தான் தொலைக்காட்சிப் போதகர் ஜிம் பேக்கர் பாலியல் விவகாரத்தில் பதவி விலகியிருந்தார். 1988 பிப்ரவரியில் ஜிம்மி ஸ்வாகர்ட், பாலியல் தொழிலாளியோடு மாட்டிக்கொண்டு, கேமரா முன்னால் கன்னமெல்லாம் நனைய அழுதார். பாவம் செய்தேன், பாவம் செய்தேன் என்று அழுதாரே தவிர, என்ன பாவம் என்று அந்தப் பேச்சு முழுக்கச் சொல்லவே இல்லை. அதே வருஷம் அரசின் தலைமை மருத்துவர் கூப் (இவரும் பக்தியுள்ள கிறிஸ்தவர்தான்) எய்ட்ஸ் பற்றி, ஆணுறை பற்றியும் சேர்த்து, பத்து கோடிக்கும் மேலான வீடுகளுக்குத் துண்டுப் பிரசுரம் அனுப்பினார். அந்த நேரத்தில்தான் இவர்களுடைய கேசட் வருகிறது. தலைப்பு ‘திஸ் இஸ் எ காண்டம் நேஷன்’, ‘இது ஓர் ஆணுறை தேசம்’. கடைசி இரண்டு சொற்களையும் வேகமாகச் சொன்னால், கண்டனம் என்று பொருள்படும் ‘காண்டம்னேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழும்.

சுய இன்பத்தைப் பற்றி, ஆபாசப் பத்திரிகையைப் பற்றியெல்லாம் பெயர் சொல்லியே பாடினார்கள். போதகர் முகத்தைக் காட்டி பாவத்தை மறைத்தார், இவர்கள் முகத்தை மறைத்துவிட்டு பாவத்தைச் சொன்னார்கள். நான் ரசிக்கும் பாதி அதுதான். பிரசங்கம் பங்க் ஆகாது என்கிறீர்கள். சரி, அப்படியானால் வாஷிங்டனின் மைனர் த்ரெட் என்ற பங்க் குழுவை என்ன செய்வது? 1981-லேயே குடிக்காதே, புகைக்காதே, கண்டபடி படுக்காதே என்று கத்தியவர்கள் அவர்கள், அதுவும் கடவுளை இழுக்காமல். அதை ஒரு பெரிய மரபாகவே பங்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள்.

இனி ரசிக்காத பாதி. கொஞ்ச காலத்தில் கை மற்றவர்கள் பக்கம் நீள ஆரம்பித்தது. கருக்கலைப்புக்கு எதிரான பாட்டு, அப்புறம் 1990-களில் ‘ஃபெமினாசி’ என்றே ஓர் ஆல்பம். பெண்ணியவாதிகளை நாஜிகள் என்று திட்ட அமெரிக்க வானொலிக்காரர் ரஷ் லிம்பா ஊரெல்லாம் பரப்பிய வசவு அது. லட்சக்கணக்கானோர் கேட்ட வானொலியில் அன்றாடம் ஓடிய வசவை எடுத்துத் தலைப்பாக வைப்பதில் என்ன கலகம் இருக்கிறது? தன் அழுக்கைச் சொல்கிறவனுக்கு முகமூடி தேவைப்படலாம். அடுத்தவளைத் திட்டுகிறவன் அதைப் போட்டுக்கொண்டால் எனக்குப் பிடிப்பதில்லை. இத்தனைக்கும் இதே வான் பெல்ட்தான் தன் பத்திரிகையில் ஊரறிந்த ராக் பாடகர்களை உட்காரவைத்து, இயேசுவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டவர்.

நீங்கள் எந்த ஆல்பத்தைக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. பிந்தையது என்றால் உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. அந்த 1988 கேசட்டைத் தனியாக ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.