ஊசியைத் தூக்கி வைக்கும் அந்த ஒரு பாட்டு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 47 வயது. இருபது ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு நானும் என் கணவரும் சட்டப்படி பிரிந்து பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. பெரிய சண்டை எதுவும் இல்லை. வேறொருவரை விரும்புவதாக அவர் சொன்னார், நான் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது கோயம்புத்தூரில், பிளஸ் ஒன் படிக்கும் என் மகளோடு இருக்கிறேன்.

நாங்கள் நியூ ஜெர்சியில் வசித்தபோது, பழைய சாமான் கடை ஒன்றில் இரண்டு டாலருக்கு ஓர் இசைத்தட்டு வாங்கினேன். அமெரிக்கப் பாப் பாடகி கார்லி சைமன் 1981-இல் வெளியிட்ட ‘டார்ச்’ என்ற தொகுப்பு அது. பதினோரு பாட்டுகள், பெரும்பாலும் காதலை இழந்தவர்களின் பழைய பாட்டுகள். வாங்கிய நாளில் ஒருமுறை கேட்டுவிட்டு அலமாரியில் வைத்த நான், இப்போது சமையலறையை ஒழித்துப் போட்டதும் தினமும் அதைத்தான் கேட்கிறேன். மகள் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் ஒலியைக் குறைத்துவிடுவேன். கடைசிக்கு முந்தைய பாட்டு வரும்போது எழுந்து போய், ஊசியைத் தூக்கிக் கடைசிப் பாட்டில் வைப்பேன். நான் தாண்டிவிடும் அந்தப் பாட்டு, பிரியும் இருவர் ‘குழந்தையை என்ன செய்வது’ என்று கேட்டுக்கொள்ளும் பாட்டு. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

பள்ளியில் ஆசிரியை வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், உறங்குகிறேன். யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். ஆனால் என் அக்கா, “ஆறுகிற புண்ணை நீயே கிளறிக்கொள்கிறாய், அந்தத் தட்டைத் தூக்கி எறி” என்கிறார். இது மனநோயின் அறிகுறியா? தட்டை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

தட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சோகப் பாட்டைக் கேட்பது உங்களுக்கு நோயாக இல்லை. சோக இசையைக் கேட்கும்போது மனத்தில் என்ன எழுகிறது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு 772 பேரிடம் கேட்டபோது, அவர்கள் அதிகமாகச் சொன்னது துயரத்தை அன்று, கடந்த காலத்தின் மீதான ஏக்கத்தை. உங்கள் அக்காவின் கவலையிலும் நியாயம் உண்டு. துயரத்தை உணர்வது வேறு, ‘ஏன் எனக்கு இப்படி நேர்ந்தது’ என்ற ஒரே கேள்வியை மனம் விடை காணாமல் அரைத்துக்கொண்டே இருப்பது வேறு. இரண்டாவது பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதைச் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். தட்டு நின்ற பிறகு நீங்கள் எழுந்து விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போகிறீர்களா, அல்லது விடியும்வரை அதே நினைவில் கிடக்கிறீர்களா என்பதுதான் இதற்கு அளவுகோல். உறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நம்புகிறேன்.

நீங்கள் தேர்ந்தெடுத்த தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அதன் கதைக்கும் உங்கள் கடிதத்துக்கும் உறவு இருக்கிறது. கைவிட்டுப் போனவர் மீது அணையாமல் இருக்கும் அன்பை, தீப்பந்தம் ஏந்தி நிற்பதாக ஆங்கிலத்தில் சொல்வார்கள். தொகுப்பின் பெயர் அதிலிருந்து வந்தது. தம் பாட்டுகளைத் தாமே எழுதிப் புகழ்பெற்ற கார்லி சைமன், பாடகர் ஜேம்ஸ் டெய்லருடனான மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்த காலத்தில், பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய பாட்டுகளை எடுத்துப் பாடினார். அவற்றில் குறைந்தது ஐந்து பாட்டுகள், 1943-இல் அவர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. சிறுவயதில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. பேச வராத சொல் பாடும்போது தடையில்லாமல் வந்தது. சொந்தச் சொல் தடைப்படும்போது இரவல் சொல் எத்தனை உதவும் என்பதை அவர் அப்போதே அறிந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1983-இல் அவர்களுக்கு மணவிலக்கு ஆயிற்று. அந்த ஆண்டு வந்த அடுத்த தொகுப்பில் அவர் பெரும்பாலும் தம் சொந்தப் பாட்டுகளுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தத் தட்டின் முதல் பக்கத்தில், ‘நீ இல்லாமலும் நான் நன்றாகவே இருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு பாட்டு வரும். 1924-இல் ஓர் அமெரிக்க இதழில் வெறும் முதலெழுத்துகளோடு வெளிவந்த கவிதையைத் தழுவி ஹோகி கார்மைக்கேல் என்ற இசையமைப்பாளர் அமைத்தது. எழுதியவர் ஜேன் பிரௌன் தாம்ப்சன் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆனால் 1939-இல் வானொலியில் அது முதன்முதலாக ஒலிபரப்பாவதற்கு முந்தைய நாள் அவர் இறந்துபோனார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மழை பெய்யும்போது தவிர, ஒரு பெயரைக் கேட்கும்போது தவிர என்று வரிக்கு வரி விலக்குகளை அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு அது. பகலெல்லாம் எல்லோரிடமும் நீங்கள் சொல்வதும் அதன் முதல் வரியைத்தான். விலக்குகளைச் சொல்ல உங்களுக்கு அந்த அரை மணி நேரம் தேவைப்படுகிறது.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருவது, நீங்கள் கேட்கும் பத்துப் பாட்டுகள் அல்ல, கேட்காத ஒன்று. பிடிக்காத பாட்டு ஓடினால் நாம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்போம். நீங்களோ இரவுதோறும் நாற்காலியை விட்டு எழுந்து, ஊசியைக் கீறல் விழாமல் தூக்கி, இரண்டு அங்குலம்கூட இல்லாத தூரத்தை நிதானமாகக் கடத்தி வைக்கிறீர்கள். கணவரைப் பற்றிய துயரம் முழுவதையும் தாங்கும் உங்களால், குழந்தையைப் பற்றிய மூன்று நான்கு நிமிடங்களைத் தாங்க முடியவில்லை. கடிதத்தில்கூட மகளைப் பற்றி இருப்பது, அவள் படிக்கும் வகுப்பும், அவள் வந்தால் ஒலியைக் குறைப்பதும்தான். அவள் அப்பாவை இழந்ததை எப்படித் தாங்குகிறாள் என்று ஒரு சொல்லும் இல்லை. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தாயின் அழுகையைப் பிள்ளை பார்க்கக்கூடாது என்ற அன்பிலிருந்துதான் இந்த மறைப்பு வருகிறது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் பதினாறு வயதுப் பெண். தினமும் ஒரே தட்டு ஓடுவதும், தன் காலடி ஓசை கேட்டதும் அது தணிவதும் அவளுக்குத் தெரியும். வீட்டில் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதை அவள் அதிலிருந்தே கற்றுக்கொண்டிருப்பாள்.

ஆகவே, இந்த வாரத்தில் ஓர் இரவு ஒலியைக் குறைக்காதீர்கள். அவள் வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். அந்தப் பாட்டு வரும்போது ஊசியைத் தொடாமல் இருக்க முயன்று பாருங்கள். முடியாவிட்டால் அன்றைக்குத் தட்டை நிறுத்திவிடலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. உறக்கமோ பசியோ குறைந்து, எதிலும் பிடிப்பின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் சென்றாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ மகளுக்கோ தோன்றினாலோ, இசையைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

மகளிடம் என்ன பேசுவது என்று தயங்குவீர்கள். அப்பாவைக் குறை சொல்ல வேண்டாம், அவருக்காக வாதாடவும் வேண்டாம். “எனக்குச் சில இரவுகளில் அப்பாவின் நினைவு வருகிறது, உனக்கு எப்போது வருகிறது?” என்று மட்டும் கேளுங்கள். அவள் உடனே பதில் சொல்லாவிட்டாலும், அடுத்த பாட்டு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.